வெட்டத் தடை இருக்கிறது, வாய்க்கால் திறக்க வழியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்மட்டம் உயர்வதைச் சமாளிக்க மும்பை அலையாத்திக் காடுகளை வளர்க்க வேண்டும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். கருத்தில் மறுப்பில்லை. அதற்கு அனுமதி வாங்குவது எப்படி என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2018 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுக்க அலையாத்தியை அழிக்கத் தடை விதித்தது. பொதுத் திட்டம் என்றாலும் நீதிமன்றத்திடம் வரவேண்டும். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம். இவையும் இல்லாதிருந்தால் மிச்சம்மீதியும் கட்டடமாகியிருக்கும்.

ஆனால் அலையாத்தி சாவது எப்போதும் கோடரியால் அல்ல. ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் டெப்ரி, அதாவது கட்டட இடிபாடு, வந்து விழும். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்துபோகும் வாய்க்கால் அடைபடும். அப்புறம் ஒன்று, நீர் தேங்கி மூச்சுவேர்கள் மூழ்கும். இல்லாவிட்டால் நீரே வராமல் மண்ணில் உப்புப் பூக்கும். மரம் நின்றபடியே காய்ந்துவிடும். சயானில் எங்கள் பக்கம் சாலைக்கு அடியில் போகும் ஒரு குழாய், உடைந்த டைல்ஸ், சிமென்ட் கட்டி, தெர்மாகோல் என்று வாய்வரை அடைத்துக் கிடந்தது. எடுத்துவிடலாமா என்று குடியிருப்புச் சங்கத்தார் கேட்கப் போனார்கள். நிலம் எங்களுடையதல்ல என்றது ஓர் அலுவலகம். வளையத்துக்குள் மண்ணைத் தொட மேலிடத்து அனுமதி வேண்டும் என்றது இன்னொன்று. கொட்டியவனிடம் மட்டும் யாரும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை!

பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சீரழிந்த காட்டை மீட்டது வாய்க்கால் வெட்டித்தான். மீன்முள் போலக் கிளைக்கும் வாய்க்கால்களில் ஓதநீரை, அதாவது ஏறி இறங்கும் கடல்நீரை, உள்ளே விட்ட பிறகே கன்றுகள் தேறின. இங்கே கணக்கெல்லாம் கன்றின் எண்ணிக்கையில். 2022 டிசம்பரில் புல்லட் ரயிலுக்காகச் சுமார் 22,000 அலையாத்தி மரங்களை வெட்ட உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஐந்து மடங்கு நடுவதாக ரயில் கழகம் சொன்னது. சரி, எங்கே நடுவது? இடம் தேடும் அவசரத்தில் திறந்த சேற்றுப்பரப்பில் நட்டால் கன்றும் பிழைக்காது, பூநாரைகள் மேயும் இடமும் போய்விடும்.

அலையைத் தடுக்கக் கரையில் கல் போடுவதற்கு இந்த இழுபறி குறைவு. அரிப்புத் தடுப்புப் பணி, அனுமதிக்கப்பட்ட வேலையாக அறிவிக்கையிலேயே பெயர் சொல்லி இருக்கிறது. மரைன் டிரைவில் கிடக்கும் டெட்ராபாடுக்கு (நான்கு கால் கான்கிரீட் கட்டி) எந்த என்ஜினியரும் எஸ்டிமேட் போட்டுவிடுவார். கரையைக் காக்கும் மணல்மேடு என்றால் கதை வேறு. இயங்கும் மணல்மேட்டை மாற்றியமைக்கக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் சிதைந்த மேட்டில் குச்சிவேலி கட்டி, மணலைப் பிடித்துவைக்கும் அடம்பங்கொடி நட்டால் அதுவும் மாற்றியமைப்பதில் சேருமா? சேராது என்று எழுதிக் கொடுக்க எந்த அதிகாரி துணிவார்?

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. தளர்த்தினால் முதலில் நுழைபவர் பில்டர்தான். ‘மீட்பு’ என்று பலகை வைத்து ஜாகிங் டிராக் போடுவார். அடைப்பு எடுப்பது, பழைய வாய்க்காலைத் திறப்பது போன்ற சிறு வேலைகளுக்கு மட்டும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் தனி வழி வகுக்கட்டும். கான்கிரீட் கூடாது, நடைபாதை கூடாது, வனத்துறையின் அலையாத்திப் பிரிவு முன்னிலையில்தான் வேலை, 30 நாளுக்குள் பதில். எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்பதை இங்கேயே காலங்காலமாக வாழும் கோலி சமூக மீனவர்களிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மண்கொட்டி மூடிய அலையாத்தி இடங்களை மீட்கும் கடமையை 2018 தீர்ப்பே அரசின்மேல் வைத்திருக்கிறது. மழைக்கு முன் நாலாக்களை, அதாவது நகரின் வடிகால்களை, தூர்வார மாநகராட்சி ஆண்டுதோறும் டெண்டர் விடுகிறது. அலையாத்திக்குள் போகும் வாய்க்கால்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க, வனத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து கையெழுத்திட்டால் அடுத்த டெண்டரிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சயான், மும்பை