அந்த 61 நாட்களுக்குள் எங்களைக் கூப்பிடுங்கள்

இந்திய – இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவில் இருக்கும் இரு நாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மன்னார்க் கரையிலிருந்து எழுதுகிறேன். நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா கடற்றொழில் செய்தவர், அண்ணன் இன்றும் செய்கிறார். பாக்குநீரிணையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. கோப்பில் ஏறாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திங்கள், புதன், சனி. இராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் இவை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்த மூன்று கிழமையும் தெரியும். அந்தப் படகுகள் எல்லை தாண்டி எங்கள் பக்கம் வந்து எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும். அந்த இரவுகளில் வலை விட்டால் அது முழுதாகத் திரும்பாது என்பதால் பாதி வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். வாரத்தில் மூன்று நாள் உழைப்பு இப்படிப் போகிறது. சென்ற மாதம் கடன் தவணை நெருங்கிவிட்டதால் அண்ணன் ஒரு புதன் இரவு துணிந்து போனார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய புது வலை. விட்டுவிட்டு, வள்ளத்தில் விளக்கு வைத்துக் காவல் இருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு வெளிச்சங்கள் வரிசையாக வந்தன. டோர்ச் அடித்தார், எழுந்து நின்று கத்தினார். அந்த இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

மூன்று பேர் சேர்ந்து தூக்கி வள்ளத்தில் ஏற்றிய வலை, காலையில் ஒரு உரப்பைக்குள் அடங்கி அவர் தோளில் வந்தது. வீட்டுக்கு வந்தவர் யாரோடும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கிழிந்த துண்டுகளிலிருந்து ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பால்மா டின்னுக்குள் போட்டார். மறுபடி பயன்படக்கூடியது அது மட்டும்தான். ஒரு காலை முழுவதும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு முறையிடப் போன இடத்தில், வெட்டிய படகின் இலக்கத்தை எழுதித் தரச் சொன்னார்களாம். இருட்டில், அலையில், உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இலக்கம் பார்ப்பானா?

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றுதான். இரு கரை மீனவர்களையும் நேருக்கு நேர் உட்கார வையுங்கள். தமிழக விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்துக்குள் அதற்கு நாள் குறியுங்கள்.

நாள் குறிப்பது புதிய யோசனை அல்ல. 2016 நொவெம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் கூடி உங்கள் குழுவை உண்டாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்கள் கூட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமைச்சர்கள் கூட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கடலடியை வாரும் இழுவை மடித் தொழிலை இயன்றளவு விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்றும் அன்றே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் முதல் கூட்டம் அதே ஆண்டு டிசெம்பர் 31இல் நடந்தது. ஆறாவது கூட்டம் 2024 ஒக்டோபர் 29இல். சொன்னபடி நடந்திருந்தால் அந்த இடைவெளியில் முப்பது தடவையாவது கூடியிருப்பீர்கள். வகுப்பில் ஒரு மாணவன் முப்பது நாளில் ஆறு நாள் மட்டும் வந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிப்போம். உங்களை யார் கூப்பிட்டு விசாரிப்பது?

மீனவர் பேச்சுவார்த்தையும் நடந்ததுதான். 2014 ஜனவரியில் சென்னையில், மே மாதம் கொழும்பில், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில், 2016 நொவெம்பரில் டெல்லியில். அந்த 2015 சென்னைப் பேச்சில் தமிழக மீனவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாட்கள் எங்கள் பக்கம் தொழில் செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் மறுத்தார்கள். மறுத்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அங்கே ஒரு எண் இருந்தது. எண் இருந்தால் பேரம் பேசலாம், கூட்டலாம், குறைக்கலாம், காலக்கெடு கேட்கலாம். இன்று எங்களுக்கு நடுவில் இருப்பது கைதும் பறிமுதலும் நீதிமன்றத் தவணையும்தான். 2024 ஜூனில் ஒரு இந்தியப் படகைப் பிடிக்கப் போன இடத்தில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைக் கலத்தோடு படகு மோதி இராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காணாமற் போனார்.

எங்கள் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்ல நான் எழுதவில்லை. இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் வடபகுதியில் உள்ளூர் இழுவைப் படகுகள் இன்னும் முற்றாக ஓயவில்லை. அதை வைத்துக்கொண்டு அடுத்தவனைக் குறை சொல்ல எனக்கும் நா கூசுகிறது. இராமேசுவரம் தொழிலாளியின் நிலையும் எனக்குத் தெரியும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ஒரு முறை நானும் போயிருந்தேன். கோயில் முற்றத்தில் தங்கச்சிமடத்து ஆள் ஒருவர் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்து, அம்மா கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டார். வலை வெட்டுவதைப் பற்றி அண்ணன் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்கள் கூலி ஆட்கள் அண்ணே, படகு எங்களுடையது இல்லை. பிடிபட்டால் சிறைக்குப் போவது மட்டும் நாங்கள்" என்றார். அண்ணன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

இரண்டு நாடுகளுக்கிடையே வழக்கு என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இந்த வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே கோயில், பல வீடுகளில் ஒரே உறவு. மொழிபெயர்ப்பே வேண்டாத மேசையைப் போடுவதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் இழுத்தடிக்கிறீர்கள்.

மனம் பொறுக்காமல் வேறு சிலவற்றையும் சொல்கிறேன். போர்க்காலம் முழுக்க எங்கள் கடல் எங்களுக்குப் பூட்டிக் கிடந்தது. 2009க்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து, கடன் வாங்கி வள்ளமும் வலையும் சேர்த்தோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. எங்கள் இயந்திரங்கள் ஓடுவது அந்த மண்ணெண்ணெயில். அதையும் தாங்கினோம். தலைவர்கள் சந்திக்கும்போதெல்லாம் மின்கம்பி இணைப்பு, எண்ணெய்க் குழாய், பாதுகாப்பு ஒப்பந்தம் என்று பக்கம் பக்கமாக அறிக்கை வருகிறது. மீனவருக்கு "மனிதாபிமான அணுகுமுறை" என்ற ஒரு வரி. அக்கரையில் தேர்தல் வந்தால் கச்சதீவு. 285 ஏக்கர் தீவு அது, அதைச் சுற்றி மட்டுமா வலை வெட்டுப்படுகிறது? எங்கள் கரையிலிருந்து பார்த்தாலே வெளிச்சம் தெரியும் தூரத்துக்கு அல்லவா படகுகள் வருகின்றன. தமிழகப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. ஒரு படகுக்கு 80 இலட்சம் இந்திய ரூபாய், அதில் எழுபது வீதம் அரசு மானியம், மூன்று ஆண்டில் 2000 படகுகள் என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் மாறவில்லை என்று அந்தப் படகுக்காரர்களிடமே எங்கள் முன்னால் கேளுங்கள். மீதிக் கடனைக் கட்ட முடியாது என்பார்களா, ஆழ்கடல் தொழில் பழக்கமில்லை என்பார்களா? எதுவானாலும் அவர்கள் வாயால் கேட்டால் எங்கள் ஆட்களின் கோபம் கொஞ்சம் தணியும். எங்கள் வலையின் விலையை அவர்கள் எங்கள் வாயால் கேட்கட்டும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் படகுகள் துறைமுகத்தில் நிற்கும், படகுக்காரரும் தொழிலாளரும் கரையில் இருப்பார்கள். எங்கள் கடலிலும் அப்போது வலை வெட்டுப்படாது, எங்கள் ஆட்கள் மனம் கொதிக்காமல் பேசுவார்கள். வருகிற தடைக்காலத்தில் ஒரு நாளைக் குறித்து, இராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மீனவர்களையும் மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மீனவர்களையும் கூப்பிடுங்கள். படகுச் சொந்தக்காரர்களோடு கூலிக்குப் போகும் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் இடம் கொடுங்கள், கடனுக்குக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் நாங்கள்தான். பேசியதைத் தமிழில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்திட்டு, சங்கக் கட்டடங்களில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தின் திகதியைக் கலைந்து போகும் முன்னரே அறிவியுங்கள்.

மன்னாரில் கூட்டம் வைப்பதென்றால் எங்கள் பள்ளி மண்டபத்தைத் தர அதிபரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், மதியச் சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார்க் கரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளியின் தங்கை