பாப்பாவுக்கு, வழி கேட்க

அன்பு பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா முட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சாயர்புரம் கல்யாணத்தில் மொய் எழுதினேன். உன் பெயரில் மட்டும்தான் எழுதினேன். அம்மா ஏன் என்று கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.

இனிமேல் மெட்ரோவில்தான் வேலைக்குப் போய் வருகிறேன் என்று போனில் சொன்னாய். காருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் மாட்ரிட்டில் இருந்தும், வெளியே ஸ்பானிஷில் வாய் திறக்க இன்னொருவரை நம்பியே இருந்துவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த பிள்ளை நீ. என்ஜின் ரூம் எண்ணெய்க் கையோடு வலென்சியாவிலும் லாஸ் பால்மாஸிலும் இறங்கி, பஸ் கேட்டுக் கேட்டே ஊருக்குள் போய் வந்தவன் உன் அப்பன். உனக்கா வராது?

யாரைக் கேட்டாலும் முதலில் ‘பெர்தோனெ’, மன்னியுங்கள் என்று சொல். பஸ்ஸைப் பார்த்ததும் ஸ்டாப்பில் நின்று கையை நீட்டு. ஏறும்போது டிரைவரிடம் ‘எஸ்தே அவுதோபுஸ் வா அ அதோச்சா?’ இந்த பஸ் அதோச்சா போகுமா என்று கேள், இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள். இறங்கும் இடம் தெரியாவிட்டால் ‘மெ அவீசா குவாந்தோ யெகேமோஸ்?’ வந்ததும் சொல்லுங்கள் என்று அர்த்தம். வயதான பெண்களாகப் பார்த்துக் கேள், அவர்கள் மறக்க மாட்டார்கள். கூட்டத்தில் கதவை மறைத்து நிற்பவரைத் தள்ளாதே. ‘வா அ பஹார்?’ இறங்கப் போகிறீர்களா என்று கேட்டாலே விலகிக்கொள்வார்.

மெட்ரோ மேப்பை வைத்துப் பார்த்தேன். கரபன்செலில் 5-ம் லைனில் ஏறுகிறாய், ஓப்போர்த்தோவில் 6-க்கு மாறினால் நுவெவோஸ் மினிஸ்தேரியோஸ் ஸ்டேஷன் வந்துவிடும். 6 வட்டமாகச் சுற்றுகிற லைன், கடைசி ஸ்டேஷன் என்று ஒன்று கிடையாது. அதனால் ‘அந்தேன் 1’, ‘அந்தேன் 2’ என்று பிளாட்பார நம்பர்தான் போட்டிருப்பார்கள். ‘கே அந்தேன் எஸ் பாரா நுவெவோஸ் மினிஸ்தேரியோஸ்?’ அதற்கு எந்தப் பிளாட்பாரம் என்று கேள். எதிர்ப்பக்கம் ஏறிவிட்டாலும் சுற்றிக்கொண்டு வந்து சேரும், பதறாதே. ரோட்டில் வண்டியெல்லாம் வலப்பக்கம் போகிற ஊரில் மெட்ரோ மட்டும் இடப்பக்கம் ஓடும், வண்டி எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நில். செர்கனியாஸ் என்கிற புறநகர் ரயிலில் போனால் டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதே, வெளியே வரவும் கேட்டில் அது வேண்டும்.

எனக்கு ராத்திரிதான் கவலை. மெட்ரோ வழக்கமாக 1:30-க்கு முடிந்துவிடும். அவ்வளவு நேரம் ஆகாதுப்பா என்பாய். ஆகாமலே இருக்கட்டும். ‘அ கே ஓரா பாசா எல் உல்திமோ?’ கடைசி வண்டி எத்தனை மணிக்கு? வேறெதுவும் வராவிட்டாலும் இதை மனப்பாடம் செய். அதற்கு மேல் ஆந்தை என்று பேர் வைத்த ‘பூஹோ’ பஸ்கள் சிபேலெஸ் சதுக்கத்திலிருந்து கிளம்பும். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள். ஏதாவது ஒன்று என்றால் 112-க்கு போன் போடு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள், பாப்பா.

முன்பெல்லாம் அம்மா கேட்டால் ‘நல்லா இருக்கோம்’ என்பாய். இப்போது ‘நல்லா இருக்கேன்’ என்கிறாய். அம்மா கவனிக்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் போன் வராவிட்டால் ‘வேலை அதிகம்’ என்று நானே அவளுக்குச் சமாதானம் சொல்கிறேன். எனக்கு யார் சொல்வது?

இன்னொன்று. பரஹாஸ் ஏர்போர்ட்டுக்கு 203 என்று மஞ்சள் பஸ் இருக்கிறது. பகல், ராத்திரி எந்நேரமும் ஓடும். பகலில் அதோச்சாவிலிருந்து, நடுராத்திரியில் சிபேலெஸிலிருந்து. ‘அல் ஏரோபுவெர்தோ’ என்று சொன்னால் போதும். விமான டிக்கெட்டுக்கு நான் பணம் போடுகிறேன், எந்தத் தேதி என்று மட்டும் சொல். மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது. வந்து எத்தனை நாள் இருந்தாலும் உன்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா
தூத்துக்குடி