மூன்றாம் வீட்டுத் தாத்தாவுக்கு, மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள டர்பன் சாட்ஸ்வொர்த் சொந்தங்களுக்கு,

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்த ஏப்ரல் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோயிலில், கடையில், எங்கே பார்த்தாலும் நிறுத்தி விசாரித்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நேற்றுச் சாயங்காலம் பின்கட்டுத் தகரத்தில் மழை சடசடவென்று விழுந்தபோது என் மகள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, விரலைக் காதில் வைத்துக் காட்டினாள். இரண்டரை வயதில் முதல் முறையாக! அந்தப் படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காது மிஷின் கிடைத்த நாளோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அன்றுதான் தொடங்கியது. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் மூளைக்குச் சத்தம் பழகும் என்று காதுச் சோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட் சொல்லி அனுப்பினார். அவளோ ஐந்து நிமிஷம் வைத்திருக்க மாட்டாள். பிடுங்குவாள், வாயில் போடுவாள், வீசுவாள். ஒரு நாள் கறிவேப்பிலை மரத்தடியில் எறிந்துவிட்டாள். நான் மண்டியிட்டுச் சருகைக் கிளறிக்கொண்டே அழுதேன். கண்டெடுத்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வீட்டுத் தாத்தா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், காதில் ஒரு மிஷினோடு. வாசற்படியில் மகளுக்கு எதிரே மெல்ல உட்கார்ந்து, அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். மறுபடி அவருடையதைப் பார்த்தாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் எழுந்து போய் அவர் காதைத் தொட்டாள்.

“இப்போ நீ போடு கண்ணு” என்றார். போடவிட்டாள்.

அவர் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். அந்தக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்ன 1960-களில் இங்கே வந்த குடும்பம். பல வருஷம் மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றதில் காது போனது. அவருக்கு மிஷின் வாங்கியும் பிடிக்காமல் இரண்டு வருஷமாக மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாராம். குக்கர் விசில், டாக்ஸி ஹார்ன் எல்லாம் மண்டைக்குள் அடிக்கிறது என்று யார் சொல்லியும் தொடவில்லையாம். இதெல்லாம் அவர் மருமகள் அக்கா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் மருந்துக்கடைக்கு நடந்து போய், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் நம்பர் பேட்டரி வாங்கி, மிஷினைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அஞ்சு மணிக்கு வருவார். இருவரும் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். பேட்டரி ஸ்டிக்கரை உரித்ததும் மூடிவிடாமல் ஒரு நிமிஷம் காற்றுப் பட வைக்க வேண்டும், காற்று உள்ளே போனால்தான் அந்தப் பேட்டரி வேலை செய்யும் என்று எனக்குக் காட்டியது அவர்தான். டர்பன் ஈரத்துக்கு ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கச் சொன்னதும் அவர்தான். மூன்றாவது வாரம் அவர் வருவதற்கு முன்பே அவள் மிஷினைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். தாத்தா, உங்களுக்கு வலிக்கிற சத்தத்தை என் பிள்ளைக்காகத் தினமும் கேட்டீர்கள். இதற்கு என்ன வார்த்தை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. மதிய உணவை விட்டுவிட்டு எங்களைப் பார்த்த ஆடியாலஜிஸ்ட். வாராவாரம் வீட்டுக்கே வந்து பாயில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த, காது கேளாத பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவும் ஹை ஹோப்ஸ் அமைப்பின் சகோதரி. உதவித்தொகைப் படிவத்தை வரிவரியாக நிரப்பித் தந்த பக்கத்துத் தெரு அண்ணன். ஆடிக் கூழ் ஊற்றிய அன்று என் பிள்ளை பெயருக்கு விளக்கேற்றிய அம்மாக்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது என்று 1994-இல் மண்டேலா செய்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் நாங்கள் கடனில் மூழ்கியிருப்போம்.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. அவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போதே ஓரிடத்தில் காட்டினோம். “வீட்டில் இரண்டு மொழி பேசுகிறீர்கள், அதனால்தான் தாமதம், தானாகப் பேசும்” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது. இது எனக்கு அப்போது தெரியாது. எட்டு மாதம் போய்விட்டது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதுதான் கணக்காம். இங்கே எல்லாப் பிள்ளைக்கும் அந்தச் சோதனை தானாக நடப்பதில்லை; நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இனி எந்த வளைகாப்புக்குப் போனாலும், வளையல் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று சிலர் அன்போடுதான் எச்சரித்தீர்கள். கோபம் இல்லை. ஆனால் அவள் மொழிக்காக இனி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் இந்த நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழி ஆயிற்று. நானும் அவள் அப்பாவும் படிக்கத் தொடங்கிவிட்டோம். தமிழும் இருக்கும், சைகையும் இருக்கும். பாட்டன் பூட்டன் மொழி எப்படி ஒவ்வொரு தலைமுறையாகக் கைநழுவிப் போனது என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

தாத்தா, அக்கா இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார். பிள்ளை வளர்ந்துவிட்டதால், மிஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து மிஷின் கீச்சிடுகிறது. வியாழக்கிழமை புது அச்சு எடுக்கப் போகிறோம். உங்கள் மிஷினின் குழாயும் மஞ்சளடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். காரில் இடம் இருக்கிறது. வரிசை நீளும், ஆறு மணிக்கெல்லாம் தயாராக இருங்கள். அவள் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவாள்.