செயலாளர் ஆண்டறிக்கை: செயற்கைக்கோள் படமும் நம் புல்மேடும்

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் மலையேறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை, அவரவருக்கே தெரியும்.

இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது செயற்கைக்கோள் படங்கள்தான். சென்ற பொதுக்குழுவில், நம் புல்மேடுகளை மேலிருந்து கண்காணிக்க ட்ரோன் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தது. கொடைக்கானல் காடு 2013 முதல் சரணாலயம். உள்ளே நம் இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. அப்புறம்தான் இளைய உறுப்பினர் ஒருவர், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்றார். ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் மலையைப் படமெடுக்கிறது. படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டு என்டிவிஐ என்று ஓர் எண் போடுகிறார்கள். நாங்கள் எண் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று வண்ணம் கொடுத்துக்கொண்டோம்.

ஜனவரிப் படத்தைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. மன்னவனூர் பக்கத்துப் புல்மேடுகள் சிவந்து கிடந்தன. புல்மேட்டை விழுங்கிவரும் வெளிநாட்டு மரமான வாட்டிலின் தோப்புகளோ கரும்பச்சை. படத்தை நம்பினால் புல்மேடுதான் நோயாளி. சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஆறு பேர் கிளம்பினோம். உறைபனியில் கருகிய புல் வைக்கோல் நிறத்தில் மடிந்திருந்தது. விரலால் விலக்கிப் பார்த்தால் அடித்தூரில் ஈரம், வெளிர்பச்சைக் குருத்து. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அதே புல்லுக்குள் முழங்கால் உயரம்கூட வராத வாட்டில் கன்றுகள்! எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். படத்தில் அவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை. இன்னும் சில வருஷத்தில் அந்த மேடும் கரும்பச்சையாகிவிடும். விவரம் தெரியாதவர்கள் காடு வளர்ந்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள்.

இது வீண் பயம் இல்லை. நாற்பது ஆண்டுகால மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களிலும் நேரிலும் பார்த்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நம் பழனி மலைத்தொடரில் 66 சதவீதப் புல்வெளியும், மலை மடிப்புகளில் தானே வளர்ந்த காடான சோலையில் 31 சதவீதமும் போய்விட்டதாகச் சொல்கிறது. புல்வெளி இருந்த இடத்தைப் பிடித்தது பெரும்பாலும் நட்டு வளர்த்த மரங்கள். அதற்கு அடுத்துத்தான் விவசாயம். இந்திய வன அளவைத் துறையின் கணக்கிலோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மர நிழல் 10 சதவீதம் இருந்தால் போதும், எந்த மரமானாலும் அது வனப்பரப்பு. அதன்படி வாட்டில் தோப்பு சேரும், மரமில்லாத புல்மேடு சேராது. இந்த வரையறையைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அறிக்கையில் அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

பயமுறுத்திய அந்தச் சிவப்பே பிறகு உதவியது. புல் காய்ந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வாட்டிலின் எல்லை கோடு போட்டதுபோலத் தெரிகிறது. மழைக்காலப் படத்தில் எல்லாமே பச்சை, மேகம் இல்லாமல் கிடைத்தால். எனவே பிப்ரவரிப் படங்களை வருஷ வரிசையில் அடுக்கி, சிவப்புக்குள் பச்சை நுழையும் இடங்களைக் குறித்து வருகிறோம்.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். பேரிஜம் பக்கம் ஒரு சோலை கருத்துத் தெரிந்ததும், தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய் வனத்துறைக்குக் கடிதம் எழுதியது நான்தான். அது மேகத்தின் நிழல். அடுத்த படத்தில் சோலை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கடிதமும் கோப்பில் இருக்கிறது. இனி இரண்டு படங்களில் உறுதியாகாமல் எதையும் அனுப்புவதில்லை என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

மடிக்கணினியை இரவல் கொடுத்த உறுப்பினருக்கும், மன்னவனூரில் எங்களுக்குச் சுடச்சுடக் கஞ்சி கொடுத்த அக்காவுக்கும் நன்றி. அடுத்த நடை ஜனவரி கடைசி ஞாயிறு, அனுமதி கிடைத்ததும் உறுதி செய்கிறேன். குல்லா, கம்பளி அவசியம். கன்று பிடுங்கக் கையுறையும் கொண்டுவாருங்கள். சென்ற முறை ஆறு பேருக்கு இரண்டு ஜோடிதான் இருந்தது.