திரும்பி வந்தது என் தப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இலவச இணைப்பில் வந்த சினைப்பைப் புற்றுநோய் கட்டுரையை நானாகப் படிக்கவில்லை. என் நாத்தனார் ராயபுரத்திலிருந்து கத்தரித்து எடுத்து வந்தார். ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடும் போட்டிருந்தார்: "சிகிச்சையை முழுமையாக எடுத்து, உணவில் கட்டுப்பாடும் மனதில் உறுதியும் இருந்தால் இந்த நோய் மீண்டும் வராது." கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் கொதித்த நெத்திலிக் குழம்பை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு மீண்டும் வந்திருக்கிறது, ஐயா. ஆபரேஷன், ஆறு கீமோ, ஒன்றைக்கூடத் தள்ளிப் போடவில்லை. 14 மாதத்தில் திரும்பிவிட்டது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுகிற பெண்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் இப்படித் திரும்பும் என்று என் டாக்டர் முதல் சுற்று முடிந்த அன்றே சொல்லியிருந்தார். ஸ்கேனில் தெரியாத துணுக்குகள் வயிற்றுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு தப்பிவிடுமாம். அந்தத் துணுக்குக்கு என் மன உறுதி எப்படித் தெரியும்?

திரும்பினால் என்ன செய்வார்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. வராது என்று எழுதிவிட்டால் அதற்கு அவசியம் ஏது! கடைசியாக பிளாட்டினம் கலந்த கீமோ மருந்து ஏறி எத்தனை மாதம் ஆயிற்று என்பதுதான் டாக்டர் பார்க்கிற முதல் கணக்கு. 6 மாதம் தாண்டியிருந்தால் அதே மருந்து மறுபடியும் கேட்க வாய்ப்பு அதிகம். அதற்குள்ளேயே வந்தால் பெரும்பாலும் வேறு மருந்து. எனக்கு ஏற்றுகிற கார்போபிளாட்டின் என்ற மருந்தில் இருப்பது நிஜமான பிளாட்டினமே. நகைக்கடையில் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு அது இரண்டாம் முறையாக நரம்பில் ஏறுகிறது. எட்டாவது டோஸில் உள்ளங்கை அரித்தது. இதைப் போய்ச் சொல்வானேன் என்று சேலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பார்த்துவிட்டு டிரிப்பைச் சட்டென்று நிறுத்தினார். இரண்டாம் சுற்றில் இந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமல் போகுமாம். அரித்தால் உடனே சொல்லுங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. சி.ஏ.125 என்பது இந்த நோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்; அது பொதுவாக 35-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 61 என்றதும் "உடனே கீமோ போடுங்கள்" என்று என் மகன் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டான். எண் ஏறியதுமே மருந்து ஆரம்பித்தவர்கள், தொந்தரவு தெரிந்தபின் ஆரம்பித்தவர்களைவிடக் கூடுதல் நாள் இருந்துவிடவில்லை என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்ததாம். டாக்டர் அதைப் பொறுமையாக விளக்கிவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். உங்கள் கட்டுரை மாதாமாதம் பரிசோதிக்கச் சொல்கிறது. நேர் கீழே ஒரு லேபின் தள்ளுபடி விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. பாப் ஸ்மியர் எடுத்தால் பெண்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும் என்று முன்பு ஒரு முறை போட்டீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை. சினைப்பையில் இருப்பதைக் காட்டாது. அப்போதே அஞ்சலட்டை எழுதினேன். உங்கள் குப்பைக்கூடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வயிறு உப்பி, இரண்டு இட்லியிலேயே போதும் என்றாகி, அடிக்கடி சிறுநீர் போய்க்கொண்டு, எட்டு மாதம் கேஸ் மாத்திரை விழுங்கியவள் நான். கண்டுபிடித்தபோது வயிற்றில் நீர் கட்டியிருந்தது. இதை யார் வந்து கேட்டார்கள்? எங்கள் பக்கம் உங்கள் நிருபர் எட்டிப் பார்ப்பதே 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் மிதந்த மாதிரி ஏதாவது நடந்தால்தான். இல்லாவிட்டால் கத்திக்குத்து.

அந்தக் குழம்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்று மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. நெத்திலித் தலையைக் கிள்ளினேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காசிமேட்டில் வாங்கி வந்த அரைக் கிலோவை ஆய முக்கால் மணி நேரம் ஆனது. மீன், முட்டை நன்றாகச் சாப்பிட்டால்தான் அடுத்த கீமோவை உடம்பு தாங்கும் என்று சொன்னவரே டாக்டர்தான். உங்கள் வரியைப் படித்துவிட்டு வந்தவருக்கு அந்தக் குழம்புதான் என் குற்றத்துக்குச் சாட்சி.

இரண்டாம் முறை வந்தால் அடியோடு போவது அபூர்வம், அடக்கி வைத்துக்கொண்டே போகலாம் என்றார் டாக்டர். சரி என்று அதற்குத்தான் மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம். அதே இணைப்பில், அதே பக்கத்தில். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். படத்தையும் மாற்றுங்கள்; சினைப்பை என்று போட்ட அம்புக்குறி கருப்பையைக் காட்டுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81.

பி.கு.: கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போடாதீர்கள். நாத்தனாரும் உங்கள் வாசகிதான்.