முதல் ஓவியக் கண்காட்சி: படம் வைப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். நம் குடியிருப்பின் முதல் ஓவியக் கண்காட்சி வரும் ஞாயிறு, கீழ்த்தளக் கூடத்தில். சனி மாலை 5 மணிக்குள் படங்களைக் கொடுத்துவிடுங்கள்.

நீர்வண்ணப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் கட்டாயம். ஆனால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. கடற்கரை ஊர் ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லி ஃபிரேம் கடையில் கேளுங்கள். அக்ரிலிக் வண்ணப் படங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை. எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே முழுதாகக் காய மாதக்கணக்காகும். போன வாரம் முடித்த படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவராதீர்கள், ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவோம். பின்பக்கம் பெயர், தலைப்பு, வண்ண வகை எழுதியிருக்கட்டும். விலை போடுவது உங்கள் விருப்பம்.

"இதெல்லாம் ஒரு படமா?" என்று தயங்குபவர்களும் தாராளமாகக் கொண்டுவாருங்கள், இங்கே தேர்வுக்குழு எதுவும் கிடையாது. வேறொருவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. மேலே இருக்கும் கம்பியிலிருந்துதான் தொங்கவிட வேண்டும். ஏணி வைத்திருப்பவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.