மாசியில் மல்லிகையை வெட்டச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவேனில் பிறப்பதற்குள் வீட்டுத் தோட்டத்தைக் குறைந்த செலவில் புதுப்பித்துக்கொள்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த குறிப்புகளைப் படித்தேன். நோக்கம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், எல்லாச் செடிகளையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும், காலியான இடங்களில் புதுச் செடிகளை நட வேண்டும், உடனே உரமிட வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கும் வரிசை, பனியில் மண் உறைந்து கிடந்து வெயில் வந்ததும் உயிர் பெறும் நாடுகளுக்குப் பொருந்துமே தவிர, ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கும் செங்கோட்டைக்கும் புளியரைக்கும் பொருந்தாது என்பதை, இருபது ஆண்டுகளாகப் புறவாசலில் அரை சென்ட் நிலத்தோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் எழுதத் துணிகிறேன்.

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அதற்கு முந்தைய மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். விடியற்காலையில் இலை நுனியில் பனி நிற்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் உச்சந்தலையில் அடிக்கும். எங்கள் மண்ணுக்கு உறக்கம் மார்கழியில் கிடையாது. ஐப்பசி மழையில் துளிர்த்துத் தை வரை செழித்து நின்ற செடிகள், கிணற்றில் நீர் ஓர் உறை, அதாவது ஒரு வளைய அளவு, இறங்கத் தொடங்கும் மாசியில்தான் சற்று ஓயப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் புதிதாகத் தண்ணீர் குடிக்கும் வாய்களைத் தோட்டத்தில் சேர்ப்பது சிக்கனமாகாது.

முதலில் வெட்டும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். குண்டு மல்லியைக் கார்த்திகை மாதத்தில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வதுதான் முறை. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. அப்படிக் கார்த்திகையில் வெட்டிய மல்லி, பங்குனி பிறக்கும்போது புதுக் கிளை விட்டு மொட்டெடுக்கும். சில ஆண்டுகளுக்கு முன், தங்கள் குறிப்பைப் போன்ற ஒன்றை வேறோர் இடத்தில் படித்துவிட்டு, கிணற்றடியில் நின்ற என் மல்லிகையை மாசி நடுவில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வெட்டிய கிளைகளைக் கூட்டி அள்ளும்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு கிளையின் கணுவிலும் அரிசி நொய்யைப் போல வெளிறிய பச்சையில் மொட்டுக் கொத்துகள் அரும்பியிருந்தன. அள்ளிய குப்பைக் கூடையில் கிடந்தது அந்த ஆண்டின் பங்குனி உத்திரத்துப் பூ. வீட்டில் என்னிடம் இரண்டு நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாசியில் செய்யத்தக்கது, காய்ந்த குச்சிகளையும் நோய் கண்ட இலைகளையும் கிள்ளி எடுப்பது மட்டுமே.

அடுத்தது செடி வாங்குவது. மாசி பிறந்தால் மேற்கேயிருந்து மலையிறங்கி வரும் செடி வண்டிகள் எங்கள் தெருக்களில் நிற்கத் தொடங்கிவிடும். திருச்சூர்ப் பக்கத்து மண்ணுத்தி போன்ற இடங்களில் நாற்றுப்பண்ணைத் தொழில் எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்பதை நான் அறிவேன். அந்தச் செடிகளில் குறையில்லை. குறை, அவை நிழல்வலைக்குள்ளும் ஈரக்காற்றிலும் வளர்ந்தவை என்பதை வாங்குபவரும் விற்பவரும் மறந்துவிடுவதில் இருக்கிறது. கணவாய்க்கு அப்பால் புனலூரில் கோடையிலும் இடிமழை பெய்துகொண்டிருக்கும்போது, இப்பக்கம் ஓட்டின் மேல் வற்றல் காயும். நான் ஒருமுறை ஆறு ரோஜாச் செடிகளை வாங்கி, அன்று மாலையே தரையில் நட்டு, தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும், பத்தாம் நாள் நான்கு கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால், வேர்க்கட்டு முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. அந்த நார்க்கட்டு காய்ந்து சுருங்கிச் சுற்றியுள்ள செம்மண்ணிலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றது. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த இடுக்கின் வழியாகக் கீழே இறங்கிப் போயிருக்கிறது. பாத்தி நனைந்திருந்தது, வேருக்கு ஒரு சொட்டு சேரவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பத்து நாள் திண்ணை நிழலில் வைத்துப் பழக்கி, வாளித் தண்ணீரில் வேர்க்கட்டை முக்கி ஊறவைத்து, வெளிச்சுற்று நாரை விரலால் உதிர்த்து வேரை மண்ணோடு ஒட்டவிட்டு நட வேண்டும். இதைச் சொல்லாமல் செடி வாங்கச் சொல்வது பாதி யோசனைதான்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தென்னங்கன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் வண்டியில் வாங்கக் கூடாது. கேரளத் தென்னைகளை நெடுங்காலமாக வாட்டிவரும் வேர்வாடல் நோய் எல்லையோரத் தமிழகத் தோப்புகளுக்குள்ளும் வந்துவிட்டது. பூச்சிகள் வழியே பரவும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஒரு வீட்டின் புறவாசலில் நிற்கும் ஒற்றைக் கன்று, பக்கத்துத் தோப்புக்காரரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடும். செம்பருத்தியோ பப்பாளியோ வாங்கினாலும் இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது நல்லது. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி எத்தனை வகைப் பயிர்களில் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதையும், 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்த பிறகே அது அடங்கியது என்பதையும் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் மாசியிலும் பங்குனியிலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று கேட்கலாம். வேலை நிறைய இருக்கிறது. பெரும்பாலும் காசில்லாத வேலை. நம் வெயிலே அதற்கு முதலீடு. கத்தரியும் தக்காளியும் எடுத்து முடித்த பாத்தியில் பழைய செடியைப் பிடுங்கும்போது, வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அந்த மண்ணில் எந்த உரத்தைக் கொட்டினாலும் அடுத்த செடி தேறாது. வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாலிதீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் அணைத்துவிட வேண்டும். கறுப்புத் தாள் கூடாது. வெயில் உள்ளே புக வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம், ஏனென்றால் ஈரம்தான் சூட்டைக் கீழே கொண்டுசெல்லும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடந்தால், நூற்புழுவும் களை விதையும் வாடல் நோய்ப் பூசணமும் பெருமளவு மடியும். மாசி நடுவில் போர்த்தினால் சித்திரைப் பிறப்புக்கு முன் பாத்தி தயார். பிறகு அந்த மண்ணில் மக்கிய ஆட்டுப்புழுக்கையும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்தால் போதும். புழுக்கை மக்கியதாக இருக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டாலும் தகும். பட்டியிலிருந்து அள்ளிய புதுப் புழுக்கையைப் போட்டுச் சூட்டில் நாற்றுகளைச் சாகவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

தொட்டி மண்ணுக்கும் இதே வைத்தியம்தான். பழைய மண்ணைக் கொட்டிவிட்டுக் கடையில் புதுக்கலவை மூட்டை வாங்க வேண்டிய தேவை இல்லை. நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால், கழுவிய நீரில் தேநீர் நிறம் மறையும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரங்களைக் கருக்கும்.

செடி நிற்கும் பாத்திகளுக்கு வேண்டியது மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகாலும் மட்டையாலும் மூடிவைப்பது. இதைக் கேரளத்துக்காரர்களிடமிருந்து நாம் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். அங்கே உதிரும் இலையைக் கூட்டிக் கொளுத்தாமல், மரத்தடியில் வட்டப் பாத்தி எடுத்து அதிலேயே இடுவார்கள். தென்னையின் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிப் புதைப்பதும் உண்டு. மழைநீரையும் பாய்ச்சிய நீரையும் அது பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. உரிமட்டை வீட்டுக்கு வீடு குவிந்து கிடக்கும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அடியில் ஓர் அடுக்கு உரிமட்டை, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்கு வேப்பஞ்சருகு என்று இட்ட பிறகு, நான் நாள்தோறும் தண்ணீர் விடுவதை நிறுத்தி மூன்று நாளைக்கு ஒருமுறையாக்கினேன். தண்டை ஒட்டிச் சருகு குவியாமல் ஒரு சாண் விட்டுப் போடுவது அவசியம். இல்லையேல் கறையான் ஏறும்.

ஆசைக்கு ஏதாவது விதைக்க வேண்டாமா என்றால், கணிவெள்ளரியை விதைக்கலாம். எல்லையோர வீடுகளில், தமிழ் வீடானாலும் மலையாள வீடானாலும், சித்திரை முதல் நாள் கண் விழித்துக் காணும் கணித்தட்டில் அந்தப் பொன்னிற வெள்ளரி இல்லாமல் இராது. தை முடிவிலிருந்து மாசி முதல் வாரத்துக்குள் நான்கு விதை ஊன்றினால் விசு எனப்படும் அந்தச் சித்திரை முதல் நாளுக்குக் காய் பழுத்து மஞ்சளாகிவிடும். சென்ற ஆண்டுக் கணிக்காயை அறுத்து எடுத்த விதையைச் சாம்பலில் புரட்டி, காகிதப் பொட்டலமாக அடுப்பங்கரைப் பரணில் வைத்திருந்தால் விதைச் செலவும் இல்லை. நீளமாகப் படர இடமில்லாவிட்டால், சமையலறைக் கழிவுநீர் போகும் வாய்க்கால் ஓரம் போதும். சோப்புத் தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. சிறுகீரையும் அரைக்கீரையும் மூன்றரை வாரத்தில் பறிப்புக்கு வருமாதலால் நிழல் விழும் மூலையில் ஒரு பாத்தி விதைக்கலாம். வெண்டையை மட்டும் நான் தள்ளிப்போடுகிறேன்; வெயில் காலத்தில் வெள்ளை ஈ மிகுந்து மஞ்சள் நரம்புத் தேமல் வந்துவிடுகிறது.

பந்தல் போடுவோருக்கு இன்னொரு உள்ளூர்ச் சேதி. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலோடு கணவாய் வழியே புகும் மேல்காற்று, எங்கள் ஊரில் வாழையை முறித்துப் போடும் காற்று. பங்குனியில் ஊன்றும் பந்தல் காலை அந்தக் காற்றை நினைத்தே ஊன்ற வேண்டும்: மேற்குப் பக்கத்துக் கால் இரட்டையாக, பந்தல் உயரம் ஆளுயரத்துக்கு மேல் போகாமல். தங்கள் குறிப்பில் இருந்த அழகான வளைவுப் பந்தல் படம் இங்கே ஆடி முதல் வாரம் தாண்டாது.

என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று தங்களுக்கு: தோட்டக் குறிப்புகளைப் பருவம் என்று பொதுவாகச் சொல்லாமல், தமிழ் மாதம் குறித்தும், எந்த வட்டாரத்துக்கு என்று குறித்தும் வெளியிட வேண்டும். நாகர்கோவிலின் மாசியும் செங்கோட்டையின் மாசியும் கம்பத்தின் மாசியும் ஒன்றல்ல. மற்றொன்று தோட்டக்கலைத் துறைக்கு: காய்கறி நாற்றுகளை ஏக்கர் கணக்கில் வாங்கும் விவசாயிகளுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், சித்திரையில் கோடை மழை ஒன்று இறங்கியதும், எல்லையோர ஊர்களின் உழவர் சந்தைகளில் ஒரு மேசை போட்டு, வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பத்துப் பத்து நாற்றாக விற்க ஏற்பாடு செய்தால், நாங்கள் வண்டிச் செடிக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும். கத்தரி, மிளகாய், பிச்சிப் பதியன் ஆகிய மூன்றும் இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கோட்டை,
தென்காசி மாவட்டம்.